யாரையும் தனியாகப் படிக்க விடாதீர்கள்!



பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டன. இனி வரும் வாரங்களில் மண்டபம் முதல் கும்மிடிப்பூண்டி வரை நம் ஈழத்தமிழர் முகாம்களில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். தேறிய பையனை மாமாவோ சித்தப்பாவோ பெயின்டிங் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போவார். "ரெண்டு மாசம் கைச்செலவுக்குச் சம்பாதிக்கட்டும், பிறகு காலேஜ் பார்ப்போம்" என்பார்கள். தேறிய பெண்பிள்ளையைத் துணிக்கடைக்கோ கம்பெனிக்கோ அனுப்புவார்கள், அல்லது வீட்டோடு இருத்துவார்கள். ஜூன் போகும், ஜூலை போகும். ஆகஸ்டில் அந்தப் பையன் பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ ஓர் அடுக்குமாடியின் வெளிச்சுவரில், கயிற்றில் தொங்கிக்கொண்டு பட்டி பார்த்துக்கொண்டிருப்பான். மார்க் ஷீட் தகரப் பெட்டிக்குள் போயிருக்கும்.

பாலவாக்கத்தில் இருந்துகொண்டு இதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். இங்கே கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய். கால்வாயைத் தாண்டினால் கந்தன்சாவடி, பெருங்குடி, வரிசையாகக் கண்ணாடிக் கட்டடங்கள். அவற்றுக்கு வர்ணம் பூச வரும் நம் பிள்ளைகள் வேலை நடக்கும் இடத்திலேயே தங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை கடற்கரைக்கு வருகிறார்கள். பேச்சுக் கொடுத்தால் ஒவ்வொருவனும் தன் மார்க்கைச் சொல்கிறான். கணக்கில் இவ்வளவு, வேதியியலில் இவ்வளவு. கேட்காமலே சொல்கிறான். மேலே படிக்கவில்லையா என்று கேட்டால்தான் பேச்சு நின்றுபோகிறது.

இந்த ஆண்டும் அப்படி நடக்க விடக் கூடாது.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஜூலைப் பருவச் சேர்க்கை முடிவதற்குள், ஒவ்வொரு முகாமிலும், முகாமுக்கு வெளியே, வெளிப்பதிவில் இருக்கும் குடும்பங்கள் வாழும் ஒவ்வொரு பகுதியிலும், ஒரு படிப்பு வட்டம் எழ வேண்டும். கல்லூரிக்குப் போக வழி உள்ளவர் கல்லூரிக்குப் போகட்டும். வழியில்லாத ஒவ்வொருவரையும் இணையவழிப் பட்டப்படிப்பிலோ தொலைநிலைப் படிப்பிலோ சேர்ப்போம். சேர்த்ததும் நம் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாமல், பட்டம் கையில் வரும்வரை கூடவே உட்கார்ந்து படிப்போம்.

கூடவே உட்கார வேண்டும் என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதைப் பிறகு விளக்குகிறேன். அதற்கு முன் நம்முடைய கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். இன்றைய பிள்ளைகளில் பலருக்கு அது தெரியாது.

1971-ல் இலங்கையில் பல்கலைக்கழகச் சேர்க்கைக்குத் தரப்படுத்தல் வந்தது. மருத்துவம் படிக்கத் தமிழ்மொழி மாணவருக்கு 250 புள்ளிகள் தேவைப்பட்டன. சிங்களமொழி மாணவருக்கு 229 போதுமானதாக இருந்தது. ஒரே தேர்வு, ஒரே வினாத்தாள், இரண்டு வரம்புகள். நம் தாத்தாக்களும் பாட்டிகளும் அப்போது பள்ளி மாணவர்கள். அவர்களுடைய தலைமுறையைத் தெருவுக்கு இழுத்து வந்த கோபங்களில் அது முதன்மையானது. பத்து ஆண்டுகள் கழித்து, 1981 மே 31 இரவு தொடங்கி, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. 1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு தமிழகத்துக்குப் படகேறினோம். நம்மிடமிருந்து பறிக்கப்பட்டவற்றில் மேற்படிப்பும் ஒன்று என்பதை எந்தப் பிள்ளையும் மறந்துவிடக் கூடாது.

இக்கரையிலும் அந்தக் கதவு திறந்தும் மூடியும்தான் வந்திருக்கிறது. எம்.ஜி.ஆர். ஆட்சிக்காலத்தில் அகதி மாணவர்களுக்குத் தொழிற்கல்லூரிகளில் தனி இடங்கள் தரப்பட்டன. அந்தக் காலத்தில்தான், 1984-ல், சந்திரகாசன் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். முகாம்களின் மாலை வகுப்புகளில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் படித்தவர்கள் இன்று நரைத்த தலையோடு நம்மிடையே இருக்கிறார்கள். ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட 1991 மே மாதத்துக்குப் பிறகு எல்லாம் மாறியது. கல்லூரிச் சேர்க்கை அடைபட்டது. 1996-ல் ஆட்சி மாறிய பிறகே மறுபடி வழி பிறந்தது. இடையில் போன ஐந்து ஆண்டுகளில் பதினெட்டு வயதைத் தொட்ட அத்தனை பேரும் படிப்பை இழந்தார்கள். அவர்களில் சிலர்தான் இன்று தங்கள் பிள்ளைகளிடம் "படிச்சு என்ன ஆகப் போகுது" என்று கேட்கிறார்கள். அவர்கள்மீது கோபப்படாதீர்கள். ஆனால், அந்தக் கேள்விக்கு விடையில்லாமலும் திரும்பி வராதீர்கள்.

2021 ஆகஸ்ட் 27 அன்று தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் 317.40 கோடி ரூபாய்க்கான திட்டங்களை அறிவித்தார். 7,469 வீடுகளைக் கட்டித்தருவது, பணக்கொடையை உயர்த்துவது, பொறியியலில் மதிப்பெண் அடிப்படையில் தேர்வாகும் 50 மாணவர்களின் கல்வி, விடுதிச் செலவை அரசே ஏற்பது என்று அந்த அறிவிப்பில் பல இருந்தன. மறுநாளே அகதிகள் முகாம் என்ற பெயர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. அப்போது சொல்லப்பட்ட கணக்கின்படி 108 முகாம்களில் 58,822 பேர், முகாமுக்கு வெளியே 34,087 பேர். இந்த உதவிகளை நன்றியோடு ஏற்கிறோம். ஆனால் 50 என்ற எண்ணையும் 58,822 என்ற எண்ணையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அந்த 50 பேருக்குள் வராத பிள்ளைகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்கப் பேசுகிறேன்.

தோழர்களே, இன்று புதிதாக ஒரு வழி திறந்திருக்கிறது. பாலவாக்கத்திலிருந்து அரை மணிப் பயணத்தில் ஐ.ஐ.டி. மெட்ராஸின் வாசலுக்குப் போய்விடலாம். நம் பிள்ளைகள் அந்த வாசலுக்குள் படிக்கப் போவதை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. அதே ஐ.ஐ.டி. 2020-ல் தரவு அறிவியலில் இணையவழி இளநிலைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதற்கு ஜே.இ.இ. தேர்வு வேண்டாம். பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்து, பிளஸ் டூ தேறியிருந்தால், எந்தப் பிரிவு எடுத்தவரும் விண்ணப்பிக்கலாம். நான்கு வாரம் பாடம் படித்து ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். தேறினால் உள்ளே. பாடங்கள் இணையத்தில், வாரந்தோறும் வீட்டுப்பாடம், தேர்வு மட்டும் நேரில். நடுவில் நிறுத்த நேர்ந்தாலும், முடித்த கட்டத்துக்கு ஏற்பச் சான்றிதழோ பட்டயமோ கிடைக்கும். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க வேண்டிய நம் பிள்ளைகளுக்கு இந்தக் கடைசி ஏற்பாடு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

அது மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம். 1981 முதல் தொலைநிலைக் கல்வி நடத்தும் சென்னைப் பல்கலைக்கழகம் சேப்பாக்கத்தில் இருக்கிறது. 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சைதாப்பேட்டையில் இருக்கிறது. அங்கே தமிழிலேயே படித்துப் பட்டம் பெறலாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985 முதல் இருக்கிறது. மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம்.

வெளிவாரிப் படிப்பு நம் சமூகத்துக்குப் புதிதும் அல்ல. 1942-ல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமையும்வரை, 1921-ல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்தவர்கள் எழுதியது லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தேர்வைத்தான். பகலில் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டு, இரவில் தபாலில் வந்த பாடங்களைப் படித்து, கடல் கடந்து போன விடைத்தாளுக்குப் பட்டம் வாங்கியவர்கள் யாழ்ப்பாணத்து ஊர்களில் இருந்தார்கள். அந்தப் பட்டத்தை யாரும் குறைத்துப் பேசியதில்லை. இன்று இணையத்தில் படித்தால் "அது என்ன படிப்பு, போனைப் பார்த்துக்கொண்டு" என்று கேட்கும் பெரியவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இப்போது கூட உட்காரும் விஷயத்துக்கு வருகிறேன்.

இணையவழிப் படிப்பில் சேர்வது எளிது. முடிப்பவர்கள் மிகக் குறைவு. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து தொடங்கிய எடெக்ஸ் தளத்தில் அவ்விரு நிறுவனங்கள் நடத்திய படிப்புகளை ஆராய்ந்து 2019-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. 2017-18-ல் சேர்ந்தவர்களில் படிப்பை முடித்தவர்கள் நூற்றுக்கு மூவர். சேர்ந்தவர்களில் பலர் சொந்த அறை, சொந்தக் கணினி, தடையில்லாத மின்சாரம் உள்ளவர்கள். அவர்களுக்கே அந்த நிலை என்றால், பத்துக்குப் பத்து வீட்டில் ஐந்து பேரோடு இருக்கும் நம் பிள்ளைக்கு என்ன நிலை?

முகாம் வீட்டில் அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். சேர்ந்த முதல் வாரம் உற்சாகம் இருக்கும். வீட்டில் இருப்பது ஒரு நல்ல போன். பகலில் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு எட்டு மணிக்கு அவர் திரும்பிய பிறகு தம்பிக்குப் பள்ளி வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் பார்க்க வேண்டும். பத்து மணிக்குத்தான் அக்காவின் கைக்கு வரும். அதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். வீடியோவில் வேகமான ஆங்கிலம். ஒரு சொல் புரியாமல் நிறுத்தினால் அடுத்து எல்லாமே புரியாது. யாரிடம் கேட்பது? மூன்றாம் வாரம் ஒரு வீட்டுப்பாடம் தவறும். ஐந்தாம் வாரம் முகாமில் ஆள் கணக்கெடுக்கும் செக்கிங் நாள், கல்யாண வீடு, காய்ச்சல் என்று இன்னும் இரண்டு தவறும். அதன் பிறகு அந்தப் பெண் அந்தப் பக்கத்தைத் திறக்கவே கூச்சப்படுவாள். தனக்கு மூளை இல்லை என்று முடிவு கட்டிவிடுவாள். அவளுக்கு இல்லாமல் போனது பக்கத்தில் உட்கார ஓர் ஆள் மட்டும்தான். ஆனால் அதை அவளிடம் சொல்ல அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

உலகத்தில் அகதிகள் இணையவழியில் பட்டம் பெற்ற இடங்களைப் பாருங்கள். கென்யாவின் டடாப் முகாம்களில் சோமாலிய அகதிகள் பல்லாயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். 2013 முதல் அங்கிருந்தபடியே யார்க் பல்கலைக்கழகத்திலும் கென்யாட்டா பல்கலைக்கழகத்திலும் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். யார்க் எங்கே இருக்கிறது? நம் சொந்தங்கள் குடியேறிய டொரன்டோவில். பாடம் டொரன்டோவிலிருந்து வந்தது. ஆனால் டடாப்பில் ஒரு கற்றல் மையம் கட்டப்பட்டது. அங்கே மேசையும் கணினியும் இருந்தன, ஆசிரியர்கள் நேரில் வந்து போனார்கள், கூடப் படிப்பவர்கள் அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். 2010-ல் இயேசு சபையினர் கென்யாவின் காக்குமாவிலும் மலாவியின் சலேகா முகாமிலும் அமெரிக்காவின் ரெஜிஸ் பல்கலைக்கழகப் பட்டயப்படிப்பைத் தொடங்கியபோதும் இப்படித்தான் செய்தார்கள். முகாமுக்குள் ஓர் அறை, குறித்த நேரம், ஒரே தொகுதியாகச் சேர்ந்து ஒரே தொகுதியாக முடிக்கும் மாணவர்கள்.

இன்னும் முன்னால் போனால், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியச் சிறைமுகாம்களில் அடைபட்டிருந்த பிரிட்டிஷ் படைவீரர்கள் அங்கிருந்தே லண்டன் பல்கலைக்கழகத் தேர்வுகளை எழுதினார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியே புத்தகங்கள் வந்தன. கைதிகளில் படித்தவர் படிக்காதவருக்குச் சொல்லிக் கொடுத்தார். கம்பிவேலிக்குள் அடைபட்ட மனிதர்களால் அன்று முடிந்தது, தோழர்களே. நமக்கு வேலியும் இல்லை, கையில் போனும் இருக்கிறது.

ஆகவே படிப்பு வட்டம் என்று நான் சொல்வதைத் தெளிவாகக் கேளுங்கள். அதற்குச் சங்கப் பதிவு, தலைவர், பொருளாளர், பேனர் எதுவும் வேண்டாம். ஓர் இடம் வேண்டும்: முகாமின் சமுதாயக்கூடம், பாலர் பள்ளி, கோயில் மண்டபம், தேவாலயத்தின் பின்னறை, எது கிடைத்தாலும் சரி. ஒரு நேரம் வேண்டும்: நாள்தோறும் மாலை ஏழு முதல் ஒன்பது, மாற்றமில்லாமல். பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். அவருக்குப் பாடம் தெரிய வேண்டும் என்பதுகூட இல்லை. யார் வந்தார், யார் வரவில்லை என்று குறித்துக்கொண்டு, வராதவர் வீட்டுக்கு அன்றிரவே போய்க் கதவைத் தட்டுபவராக இருந்தால் போதும். என்னைக் கேட்டால் கணக்கு வாத்தியாரைவிட அவர்தான் முக்கியம். இரண்டு பழைய மடிக்கணினிகளும் ஒரு வைஃபை இணைப்பும் இருந்தால் பத்துப் பேர் படிக்கலாம். மூன்று பேர் சேர்ந்தாலே வட்டம்தான். மூன்று பேர்கூட இல்லாத சிறிய முகாம் பக்கத்து முகாமோடு சேரட்டும்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரவில் வெளியே அனுப்ப மாட்டார்கள் என்பதைக் காரணம் காட்டி அவர்களை விட்டுவிடாதீர்கள். அவர்களுக்குக் காலையில் ஒரு நேரம் வையுங்கள், அல்லது மாலை நாலு மணிக்கு வையுங்கள். ஒரு வீட்டின் திண்ணையில் நடத்துங்கள். தாய்மாரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பத்தாவதோடு நின்றுபோன தாய்மாரில் சிலர், பிள்ளையின் பாடத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் தாங்களும் பிளஸ் டூ தனித்தேர்வு எழுதக் கேட்பார்கள். எழுத வையுங்கள்!

இனி தடைகள். அவற்றை மறைத்து நான் உங்களை அழைக்க மாட்டேன்.

விண்ணப்பப் படிவத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே குடியுரிமை கேட்கும். இந்தியர் என்று குறித்தால் பொய் சொன்னவராவோம். வெளிநாட்டவர் என்று குறித்தால் பாஸ்போர்ட் எண், விசா எண் என்று கேட்கும். கட்டணம் டாலரில் வரும் இடங்களும் உண்டு. தொலைநிலை, இணையவழிப் படிப்புகளில் சேரப் பல்கலைக்கழக மானியக் குழு 2024 முதல் தனி அடையாள எண் கேட்கிறது. வெளிநாட்டு மாணவருக்கு அதில் விலக்கு உண்டு. இந்திய மாணவருக்கு உரிய ஆவணங்களும் இல்லாமல், வெளிநாட்டு மாணவருக்கு உரிய பாஸ்போர்ட்டும் இல்லாமல் நடுவில் நிற்பவர்கள் நாம். கட்டணச் சலுகை கேட்டால் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்கிறார்கள். மருத்துவக் கல்லூரி இன்னமும் நமக்கு எட்டாத இடத்திலேயே இருக்கிறது. 1951-ன் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் நமக்கு இடமில்லை.

இந்தத் தடைகள் அசையாதவை என்று மட்டும் எண்ணாதீர்கள். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், 1987 ஜூலை 1-க்கு முன் இம்மண்ணில் பிறந்தவர் இந்தியக் குடியுரிமை உள்ளவரே என்ற சட்டத்தைக் காட்டி வாதாடினார். 2022-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்குப் பாஸ்போர்ட் வழங்கச் சொன்னது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழர்கள்மீது பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை நடவடிக்கை கூடாது என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. கேட்டவர்களுக்குத்தான் கிடைத்திருக்கிறது. நாமும் கேட்போம். ஒவ்வொரு முகாமிலிருந்தும் ஒரே மாதிரியான மனு, ஒரே வாரத்தில், மறுவாழ்வுத் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் போகட்டும். அதில் நான்கு கோரிக்கைகள் இருக்கட்டும். இணையவழியிலும் தொலைநிலையிலும் படிக்கும் முகாம் மாணவரையும் கல்லூரி மாணவராகவே கருதி, இப்போதுள்ள கல்வி உதவித்தொகையை அவருக்கும் தாருங்கள். தமிழகப் பல்கலைக்கழகங்கள் எங்களிடம் உள்நாட்டு மாணவர் கட்டணத்தையே வாங்க ஆணையிடுங்கள். எங்கள் முகாம் பதிவு அட்டையைச் சேர்க்கைக்குப் போதுமான அடையாளமாக ஏற்கச் சொல்லுங்கள். புதிய வீடுகள் எழும் முகாம்களில் இணைய இணைப்போடு ஒரு படிப்பறையும் கட்டித் தாருங்கள். ஐ.ஐ.டி. நிர்வாகத்துக்கும் தனியே எழுதுவோம்: வருமானம் குறைந்த இந்திய மாணவருக்கு நீங்கள் தரும் கட்டணச் சலுகையை, உங்கள் வளாகத்துச் சுவர்களுக்கு வர்ணம் பூசும் கைகளுக்கும் தாருங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். இணையவழிப் பட்டம் என்ற பேரில் ஏமாற்றும் இடங்கள் ஏராளம். "ஒரே வருஷத்தில் டிகிரி", "தேர்வே கிடையாது" என்று விளம்பரம் வந்தால் விலகிப் போங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகமும், அந்தக் குறிப்பிட்ட படிப்பும், அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். இடைத்தரகர் கையில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வெளிநாட்டு இணையப் பல்கலைக்கழகங்களில் நல்லவையும் உண்டு. பயிற்றுக் கட்டணம் இல்லாமல் 2009 முதல் நடக்கும் 'யுனிவர்சிட்டி ஆஃப் த பீப்பிள்' அகதி மாணவர்கள் பலரைச் சேர்த்திருக்கிறது. விண்ணப்பத்துக்கும் தேர்வுக்கும் கட்டணம் உண்டு. ஆனால் அந்தப் பட்டம் எந்த நாட்டில், எந்த வேலைக்கு ஏற்கப்படும் என்று விசாரித்துத் தெளிந்த பிறகு சேருங்கள்.

இப்போது கடினமான கேள்வி. பொறியியல் முடித்துவிட்டுப் பெயின்ட் அடிக்கும் அண்ணன்மாரே, உங்களிடம் பேச வேண்டும். படித்து என்ன கண்டோம் என்று கேட்கிறீர்கள். அரசு வேலை கிடையாது. தனியார் நிறுவனம் நேர்காணலில் தேர்வு செய்துவிட்டு, ஆவணம் பார்க்கும் நாளில் கைவிரிக்கிறது. உங்கள் கோபம் முழுக்க நியாயம். ஆனால் உங்கள் தம்பி உங்களைப் போல் ஏமாற வேண்டாம் என்று அவன் படிப்பை நீங்களே நிறுத்தினால், உங்களுக்கு நடந்த அநியாயம் அவன் தலைமீதும் விழும். இந்த நாட்டிலேயே நிற்பதோ, ஊருக்குத் திரும்புவதோ, வேறு நாட்டுக்குப் போவதோ, எதுவானாலும் அவன் கையில் பட்டம் இருந்தால் அவன் நிலை வேறு. வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ திரும்பும் குடும்பம் வீட்டை எடுத்துக்கொண்டு போக முடியாது, நிலம் கிடைக்குமா என்பதும் உறுதியில்லை. படிப்பு கூடவே போகும். உங்களிடம் இருக்கும் படிப்பு இன்று வேலை தராவிட்டாலும், நம் வட்டங்களுக்கு அது உடனே தேவை. கால்குலஸ் தெரிந்தவர்கள் நீங்கள்தான். சி நிரல்மொழி எழுதியவர்கள் நீங்கள்தான். வேலை முடிந்து குளித்துவிட்டு வாரத்தில் இரண்டு மாலை வந்து உட்காருங்கள்.

கால்வாய்க்கு அப்பால் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கும் தமிழ்நாட்டுத் தோழர்களே, உங்களையும் அழைக்கிறேன். ஈழத்துக்காக 2009-ல் தெருவில் இறங்கியவர்களில் உங்கள் அண்ணன்மாரும் அக்காமாரும் இருந்தார்கள். பாலவாக்கம் வழியாகப் போகும் இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிப் பக்கம் போனால் கீழ்ப்புத்துப்பட்டு முகாம் வரும்; மறுதிசையில் நகரத்தின் வடக்கே புழல் முகாம். வார விடுமுறையில் ஒருமுறை போய் வாருங்கள். பிறகு இருந்த இடத்திலிருந்தே, வாரத்துக்கு ஒரு மணி நேரம், காணொளி அழைப்பில் புள்ளியியலும் பைத்தானும் சொல்லிக் கொடுங்கள். நீங்கள் ஒரு நிரலில் பிழை திருத்தும் நேரம்தான் ஆகும். இங்கே பத்துப் பேர் அடுத்த வீட்டுப்பாடத்துக்குப் போய்விடுவார்கள். உங்கள் நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும் மடிக்கணினிகள் எங்கே போகின்றன என்று கேட்டுச் சொல்லுங்கள்.

டொரன்டோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் ஓஸ்லோவிலும் இருக்கும் உறவுகளே, நீங்கள் அனுப்பும் பணத்தில் கோயில் எழுந்திருக்கிறது, கல்யாணம் நடந்திருக்கிறது, நன்றி. இந்த ஆண்டு ஒரு குடும்பம் ஒரு பிள்ளையின் பருவக் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளட்டும். பணத்தைப் பிள்ளையின் அப்பா கையில் தராமல், பல்கலைக்கழகத்துக்கு நேரே கட்டுங்கள். ரசீதைப் படிப்பு வட்டத்தில் ஒட்டச் செய்யுங்கள். மாதம் ஒருமுறை அந்தப் பிள்ளையோடு பேசி என்ன பாடம் போகிறது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவாவது அவள் படிப்பாள்.

ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையம் 2030-க்குள் உலகின் அகதி இளைஞரில் நூற்றுக்குப் பதினைந்து பேர் உயர்கல்வியில் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அப்படிப் படித்தவர் நூற்றுக்கு ஒருவராக இருந்தார். 2023-ல் அந்தக் கணக்கு ஏழைத் தொட்டது. நம் முகாம்களில் பள்ளியை முடிப்பவர்களும் கல்லூரியைத் தொடுபவர்களும் உலகக் கணக்கைவிட அதிகம். நாற்பது ஆண்டுகளாக நம் பெற்றோர் கட்டிக் காத்த பெருமை அது. அதை நம் கையில் சரியவிடக் கூடாது.

இந்த வாரமே தொடங்குங்கள். உங்கள் முகாமில் இந்த ஆண்டு பிளஸ் டூ எழுதிய ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் தேறி, எங்கும் சேராமல் இருப்பவர்களையும் எழுதுங்கள். வேலைக்காக வெளியூர் போனவனையும் எழுதி, அவன் போன் எண்ணைக் குறியுங்கள். அவன் தங்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நம்மில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக, என்ன படிக்க விரும்புகிறார், என்ன சான்றிதழ் கையில் இருக்கிறது, என்ன இல்லை என்று எழுதுங்கள். இல்லாத சான்றிதழுக்கு நாளைக் காலையே பள்ளிக்குப் போங்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கவே இரண்டு வாரம் இழுக்கும். இடத்தைப் பிடியுங்கள். பொறுப்பாளரைச் சொல்லுங்கள். முதல் மாலை மூன்று பேர் வந்தாலும் விளக்கைப் போட்டு உட்காருங்கள்.

பாலவாக்கம், நீலாங்கரை, கொட்டிவாக்கம், பெருங்குடிப் பக்கம் வேலையில் இருக்கும் தம்பிமாரே, வரும் ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கடற்கரையில் கூடுவோம். பத்தாவது, பிளஸ் டூ மார்க் ஷீட், முகாம் பதிவு அட்டை, இரண்டு புகைப்படம் எடுத்து வாருங்கள். மார்க் ஷீட் ஊரில் இருந்தால் வீட்டுக்குச் சொல்லி இன்றிரவே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெயின்ட் படிந்த உடுப்போடு வந்தாலும் வாருங்கள். அன்று இருட்டுவதற்குள் ஆளுக்கு ஒரு விண்ணப்பத்தையாவது தொடங்கிவிட்டுத்தான் எழுந்திருப்போம்.